முதல் ட்ராவல் ட்ரெய்லர்: டீலரிடம் போகும் முன் காரின் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் முதன்முதலாக ட்ராவல் ட்ரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சிறு வீடு, பார்க்கப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது உள்ளே இருப்பதுதான். எத்தனை படுக்கை, சோஃபா என்ன நிறம், டிவி எங்கே. டீலரும் அதைத்தான் காட்டுவார். ஆனால் இந்தப் பொருளை வீணாக்குபவை வேறு இரண்டு: இழுக்கும் வண்டியால் தாங்க முடியாத எடை, கூரை வழியாக இறங்கும் தண்ணீர். இவை இரண்டையும் ஒழுங்காகப் பார்த்து வாங்கிவிட்டால், மற்றக் குறைகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் சோஃபாவின் நிறம் எதற்கும் உதவாது.

மஞ்சள் ஸ்டிக்கர்

உங்கள் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனை விட இந்த எண்தான் முக்கியம். காரணம், ட்ரெய்லரின் எடை முழுவதையும் அதன் சக்கரங்கள் தாங்குவதில்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் வழியாக உங்கள் வண்டியின் மேல் உட்காருகிறது. ட்ரெய்லரின் முன்னால் நீட்டியிருக்கும் இணைப்புச் சட்டத்தின் பெயர் டங், அதனால் டங் வெயிட் எனப்படும் இந்த எடை, சாமான் ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால்போல் ஆடத் தொடங்கும். எனவே எடையைக் குறைத்துக் காட்டுவதற்காகச் சாமான்களைப் பின்பக்கம் தள்ளி வைப்பது தீர்வல்ல, அதுதான் ஆபத்து.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அரை டன் பிக்கப் ட்ரக் (அது வகையின் பெயர்தான், எடை வரம்பு அல்ல), ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு. பெரியவர்கள் இருவரும் பிள்ளைகள் இருவருமாக 520. எடையைப் பரப்பித் தரும் ஹிட்ச்சுக்கு 90. பின்னால் சைக்கிள், ஐஸ் பெட்டி, விறகு என்று 190. ஆக 800 போய்விட்டது, மீதி 700. டங் வெயிட்டை 13 சதவீதம் என்று வைத்தால், 700ஐ 0.13ஆல் வகுக்க வருவது சுமார் 5,400 பவுண்டு. சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகு ட்ரெய்லர் இருக்க வேண்டிய உச்ச எடை அதுதான். அதே ட்ரக்கின் விளம்பரத்தில் 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று இருக்கும். 'அரை டன் ட்ரக்கே போதும்' என்று ஒட்டி விற்கப்படும் 7,500 பவுண்டு ட்ரெய்லரை இதில் மாட்டினால், டங் வெயிட் மட்டுமே 975 வரும். அதாவது 275 பவுண்டு அதிகம்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பவை மினிவேனும் மூன்று வரிசை எஸ்யூவியும்தான். சியன்னா, ஒடிஸி இரண்டும் 3,500 பவுண்டு இழுக்கும். ஆல் வீல் டிரைவ் பைலட், டெல்லுரைடு, பெட்ரோல் ஹைலேண்டர் போன்றவை, மாடலையும் வருடத்தையும் பொறுத்து, 5,000 வரை. இங்கேயும் அதே கணக்குதான், ஆனால் கை இன்னும் இறுகும். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து, வண்டிக்குள் ஆறு பேர் ஏறினால் பேலோட் அங்கேயே கரைந்துவிடும். பல எஸ்யூவிகளில் டங் வெயிட்டுக்கு 500 பவுண்டு என்று தனி வரம்பும் உண்டு. சிலவற்றின் கையேடு எடை பரப்பும் ஹிட்ச்சைப் போடவே கூடாது என்கிறது. கையேட்டில் 'டோயிங்' அத்தியாயத்தை முழுதாகப் படித்துவிட்டு மேலே போங்கள். ட்ரெய்லரின் முன்முகப் பரப்பளவுக்கும் சில வண்டிகளில் எல்லை போட்டிருப்பார்கள். காற்றைத் தள்ளுவதற்கே எஞ்சினின் பெரும்பங்கு சக்தி போவதால் வரும் எல்லை அது.

டீலர் சொல்லும் எடை 'ட்ரை வெயிட்'. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை. தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, படுக்கை விரிப்பு இல்லை. பட்டியலில் போடும் டங் வெயிட்டில் பல சமயம் பேட்டரியும் கேஸும்கூடச் சேர்ந்திருக்காது. 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஒன்று கிட்டத்தட்ட 37 பவுண்டு. முன்னால் இரண்டு நிற்கும், பக்கத்தில் 50 பவுண்டு பேட்டரி. எல்லாமே நேராக டங்கின் மேல். தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டி நிறைந்தால் 332. நாலு பேர் குடும்பத்துக்கு மொத்தத்தில் 800 முதல் 1,200 பவுண்டு வரை சுலபமாக ஏறிவிடும். ஆகவே ட்ரை வெயிட்டை மறந்துவிட்டு, ட்ரெய்லரின் முன் இடது பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். (எல்லாம் ஏற்றிய பிறகு ட்ரெய்லர் தாண்டக்கூடாத மொத்த எடை) என்று உள்ள எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒருமுறையாவது நிஜ எடை பார்த்துவிட வேண்டும். லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். ட்ரெய்லர் மாட்டியபடி ஒருமுறை, கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். முதல் நிறுவையில் வண்டியின் இரண்டு அச்சுகளிலும் உள்ள எடையைக் கூட்டி, இரண்டாவது நிறுவையின் மொத்தத்தைக் கழித்தால் டங் வெயிட் கிடைக்கும். எடை பரப்பும் ஹிட்ச் இருந்தால், இந்த நிறுவையின்போது அதன் கம்பிகளைத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு குறைவாகக் காட்டும்.

நீளம்

மாடல் பெயரில் 21 என்று இருந்தால் 21 அடி என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் நீட்டியிருக்கும் டங்கையும் சேர்த்தால் மூன்று நான்கு அடி கூடிவிடும். கேம்ப்கிரவுண்டில் கேட்பது மொத்த நீளத்தை. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் முகாமில் ட்ரெய்லருக்கு வரம்பு 24 அடி. பழைய தேசியப் பூங்கா முகாம்கள் பலவும் இப்படிச் சிறிய இடங்கள்தான். கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு த சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் எந்த வண்டியும் போக முடியாது, ட்ரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பூங்காக்களுக்குப் போவதுதான் நோக்கம் என்றால் மொத்த நீளம் 25 அடிக்குள் இருப்பது நல்லது.

வீட்டு வாசலையும் அளந்துகொள்ளுங்கள். பல குடியிருப்புகளின் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகள் ட்ரெய்லரை வாசலில் நிறுத்த விடாது. வெளியே இடம் வாடகைக்குப் பிடித்தால் அது மாதாமாதம் வரும் செலவு.

எதனால் கட்டியது

பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ட்ரெய்லர்கள் இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் உருவாகின்றன. ஜேகோ 2016இல் தோர் (Thor) குழுமத்துக்குள் வந்தது, கீஸ்டோனும் ஏர்ஸ்ட்ரீமும் அதே குழுமம். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கையில். கிராண்ட் டிசைனை 2016இல் வின்னபேகோ வாங்கியது. சேஸிஸ் பெரும்பாலும் லிப்பர்ட், அச்சு டெக்ஸ்டர் அல்லது லிப்பர்ட், ஏசியும் ஃபிரிட்ஜும் பல நேரம் டோமெடிக். பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளே அதே சாமான்கள்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆர்.வி.ஐ.ஏ. என்ற தொழில் சங்கத்தின் முத்திரை மின்சாரம், கேஸ், தீ சார்ந்த பாதுகாப்பு விதிகளைப் பற்றியது, அதைத் தரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சுவரும் கூரையும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை.

மலிவானது, மரச்சட்டத்தின் மேல் நெளிநெளியான அலுமினியத் தகடு அடித்தது. பார்வைக்குப் பழசாக இருக்கும், ஆனால் ஒரு தகடு நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அடுத்தது வழவழப்பான ஃபைபர்கிளாஸ் சுவர். அலுமினியச் சட்டம், ஃபோம், மெல்லிய பலகை, வெளித்தகடு எல்லாம் பசையால் ஒன்றாக ஒட்டியது. இதற்குள் தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் பிரிந்து, வெளியே கொப்புளம் கொப்புளமாக எழும். அந்தச் சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவு பல நேரம் பழைய ட்ரெய்லரின் விலையையே தொட்டுவிடும். மெல்லிய பலகைக்குப் பதில் அஸ்டெல் என்ற மரமில்லாத தகடு போட்டிருந்தால் அது உளுத்துப் போகாது, கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் அஸ்டெல் இருந்தாலும் தரைப்பலகை மரமாக இருந்தால் அது உளுக்கும்.

மூன்றாவது வகை, அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் ஓடு. மினசோட்டாவின் ஸ்கேம்ப், டெக்சஸின் கசீட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்கேப், டென்னசியின் ஆலிவர். இரண்டு பாதி ஓடுகளைச் சேர்த்துச் செய்வதால் கூரையில் மூட்டு இல்லை, ஒழுகும் இடம் மிகக் குறைவு. 13 அடி, 16 அடி ஸ்கேம்ப்களை மினிவேனே இழுக்கும். இடம் குறுகல், கணவன் மனைவி இருவருக்குச் சரி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் கஷ்டம். பழையதும் நல்ல விலைக்குப் போகும் என்பதால் வாங்கும்போது மலிவாகக் கிடைக்காது, விற்கும்போது நஷ்டமும் பெரிதாக இருக்காது. இருவர் மட்டும் பயணிக்கும் வீட்டுக்கு இதை விடச் சிறந்த முதல் ட்ரெய்லர் இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு.

நிறுத்திய பிறகு சுவரின் ஒரு பகுதியை வெளியே தள்ளும் ஸ்லைட் அவுட் இருந்தால் உள்ளே இடம் தாராளம். அதோடு எடை, மோட்டார், ரப்பர் சீல், தரையின் மூலைகளில் கசிவு எல்லாம் சேர்ந்து வரும். முதல் ட்ரெய்லருக்கு ஸ்லைட் இல்லாததே மேல். நாலு பேருக்கு இடம் போதவே போதாது என்றால் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் தேடும் முறை

புதியதோ பழையதோ, இந்தச் சோதனையை விற்பவரின் கண் முன்னாலேயே செய்யுங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத் தரையெங்கும் குதிகாலால் அழுத்தி நடங்கள். வாசல்படி ஓரம், ஷவர் முன்புறம், கழிப்பறையைச் சுற்றி, ஸ்லைட்டின் மூலைகள். எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் அங்கே பலகை உளுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மேல் அலமாரிகளைத் திறந்து, சுவரும் கூரையும் சேரும் மூலைகளை விரலால் அழுத்துங்கள். முன்பக்கக் கட்டிலைத் தூக்கி அடியில் பாருங்கள். விற்பவர் அந்த மூலைகளை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். இரண்டு ஊசி முனையுள்ள ஈரப்பத மீட்டர் அதிக விலையில்லை. ஜன்னல், கூரைத் துவாரங்களைச் சுற்றிக் காய்ந்த இடத்திலும் சந்தேகப்படும் இடத்திலும் குத்தி, இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சுவரை நேராகப் பார்த்தால் கொப்புளம் தெரியாது. ஒரு முனையில் நின்று, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரிந்துவிடும்.

ஏணி போட்டுக் கூரையையும் பார்த்தே ஆக வேண்டும். துவாரங்கள், குழாய்கள், முன்பின் விளிம்புகளைச் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா, விளிம்பில் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கூரையில் சமதளப் பகுதிக்குத் தானாகப் பரவும் டைகோர் (Dicor) சீலன்ட், செங்குத்தான இடத்துக்கு வழியாத வகை. சாதாரண சிலிக்கான் பூசிய ட்ரெய்லர் என்றால் யோசியுங்கள். சிலிக்கானின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச முடியும். வாங்கிய பிறகு இந்த வேலை உங்களுடையது. பல நிறுவனங்களின் கையேட்டில் 90 நாளுக்கு ஒருமுறை சீலன்ட்டைச் சோதிக்கச் சொல்லியிருக்கும். அதைச் செய்யாமல் ஒழுகினால் வாரன்டி கைகொடுக்காது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெடும். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் ஆனதை மாற்றத்தான் வேண்டும். ஓடும்போது வெடித்தால் கிழிந்த ரப்பர் அடித்தட்டையும் வயர்களையும் பிய்த்துக்கொண்டு போகும். பல ட்ரெய்லர் டயர்களின் வேக வரம்பு 65 மைல்தான். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுப்பவர்களுக்குச் சட்டமே 55.

30 ஆம்பியரும் நம் சமையலும்

சிறிய, நடுத்தர ட்ரெய்லர்களில் 30 ஆம்பியர் இணைப்புதான் இருக்கும். 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 13,500 பி.டி.யூ. ஏசிக்கு ஏறக்குறைய 14 ஆம்பியர், வாட்டர் ஹீட்டரின் மின் சூட்டுக்கம்பிக்கு 12, இன்ஸ்டன்ட் பாட் குக்கருக்கு 8க்கு மேல். மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மிக்ஸி 5 அல்லது 6 ஆம்பியர், சில நிமிட வேலைதானே, தாங்கும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் இவை எதுவும் ஓடாது. சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொண்டு போவதுதான் வழி, அல்லது நல்ல இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும்.

தாளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கிக்கு வெளிச்சுவரில் ஒரு சிறு மூடி உண்டு. பயணத்தில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைக் கொக்கியால் பூட்டியிருப்பார்கள். அதைத் திறக்காமல் விசிறியைப் போட்டால் புகை எங்கேயும் போகாமல் உள்ளேயே சுற்றும், கடுகும் மிளகாயும் திரைச்சீலையில் மாதக்கணக்கில் மணக்கும். சில மாடல்களில் விசிறி வெளியே விடாமல் காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறது. வாங்கும்முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே ஒரு தனி கேஸ் அடுப்பு வைத்துத் தாளிப்பதே சுகம்.

கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்துகிற நம் வழக்கத்துக்கு பிளாக் டேங்க் எனப்படும் கழிவுத் தொட்டி சீக்கிரம் நிறையும். ஆனால் தொட்டிக்கு அது நல்லதுதான். கெட்டியாகப் படியாது. வடிகால் இணைப்பு உள்ள இடத்திலும் பிளாக் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் திரவம் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் கோபுரமாகக் காய்ந்து நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் அதை முதலில் திறந்து, பிறகு குளியல், சமையல் தண்ணீர் சேரும் கிரே டேங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும்.

வீட்டில் 30 ஆம்பியர் சாக்கெட் வைக்கும்போது எலெக்ட்ரீஷியனிடம் இது 120 வோல்ட் என்று அழுத்திச் சொல்லுங்கள். பார்க்க டிரையர் சாக்கெட் போல இருப்பதால் 240 கொடுத்துவிடுகிறார்கள். செருகிய நொடியில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ் எல்லாம் புகைந்துவிடும். மாட்டும் முன் மீட்டரால் அளந்து பாருங்கள். முகாம்களில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் சர்ஜ் மட்டுமல்லாமல் குறை வோல்ட்டேஜையும் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வாங்குவது வீண் செலவல்ல.

கையெழுத்துப் போடும் முன்

தண்ணீர், மின்சாரம், கேஸ் மூன்றும் இணைத்து எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்துகிற டீலரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் பிடிக்கும், முந்தின நாளே போட்டு வைக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிறையாமல் வாட்டர் ஹீட்டரின் மின் சுவிட்சைப் போட்டால் சூட்டுக்கம்பி உடனே எரிந்துவிடும். டீலர் யார்டில்கூட நடக்கிற தவறு இது. சூடான குழாயில் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது அமைதியாக வேண்டும். யாரும் குழாயைத் தொடாமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை டுர்ரென்று ஓடினால் எங்கோ கசிகிறது. கேஸ், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளின் பின்னால் உள்ள தேதியையும் பாருங்கள், அவற்றின் ஆயுள் ஐந்து முதல் ஏழு வருடம்தான். மூலைகளில் இறக்கும் ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே, ட்ரெய்லரைத் தூக்க அல்ல. அவற்றால் தூக்கினால் சேஸிஸ் வளையும்.

குறைகளை எழுத்தில் வாங்கி, அவை சரியான பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் புதிய காரை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் பல மாநிலங்களில் ட்ரெய்லருக்குக் கிடையாது. விலையைப் பொறுத்தவரை மாதத் தவணையைப் பேசாமல் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த இறுதி விலையைப் பேசுங்கள். 15, 20 வருடக் கடன் கிடைக்கிறது என்பதால் தவணை சிறியதாகத் தெரியும், ஆனால் ட்ரெய்லரின் மதிப்பு கடன் குறைவதை விட வேகமாக இறங்கும். நடுவில் விற்க நேர்ந்தால் கையிலிருந்து பணம் போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டிவரும்.

நாலு பேர் குடும்பத்துக்கும் அரை டன் ட்ரக்குக்கும் எங்கள் பரிந்துரை: மொத்த நீளம் 25 அடிக்குள், ஜி.வி.டபிள்யூ.ஆர். 5,400 பவுண்டுக்குள், பங்க் படுக்கை உள்ள, ஸ்லைட் இல்லாத, மூடிய இடத்தில் நிறுத்தி வைத்திருந்த நான்கைந்து வருடப் பழைய ட்ரெய்லர். 2021இல் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து சுமார் 6 லட்சம் ஆர்.வி.கள் (ட்ரெய்லர்களும் மோட்டார் வீடுகளும் சேர்ந்த பொதுப்பெயர்) வெளியே போயின. அவற்றில் அதிகம் பயன்படுத்தாமல் விற்பனைக்கு வருபவை நிறைய. அந்த அவசரக் காலத்தில் கட்டியவை என்பதால் பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற்ற ஆய்வாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால் அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் போன்ற தளங்களில் அதே அமைப்புள்ள ஒன்றை ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுக்கலாம், கேம்ப்கிரவுண்டுக்கே கொண்டுவந்து நிறுத்தித் தருபவர்களும் உண்டு.

முதல் ஓட்டத்துக்கு முன் உங்கள் வண்டியில் ஏழு முனை இணைப்பும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும், இவை இல்லாமல் ட்ரெய்லரின் பிரேக் பிடிக்காது. சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள், அரை அங்குல போல்ட்டுக்குப் பெரும்பாலும் 90 முதல் 120 ஃபுட் பவுண்டு, சரியான எண் கையேட்டில் இருக்கும். 10, 25, 50 மைலில் ஓரமாக நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். புதிய சக்கரங்களில் நட்டு படிந்து தளர்வது சகஜம்.